தம்பி, உன் டியூபா எங்களுக்கு வேண்டாம்

சேசு மரி சூசை துணை

பென்னலூர்,
செவ்வாய்க்கிழமை.

மறைமலை நகரில் பேண்டு செட்டு நடத்திவரும் என் கூடப்பிறந்த தம்பி பெரியநாயகத்துக்கு, அக்கா லூர்தம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பேத்தி லிசாவும் மாதாவின் தயவில் சுகம். உன் சுகத்தைக் கேட்டு எழுதுவது முறை என்பதால் கேட்கிறேன், பதில் எழுதவேண்டிய அவசியம் இல்லை. உன் பெண்சாதி ஜெபமணியின் முழங்கால் வலி தேவலையா? அவள் என் கூறைப்புடவையை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு போய் ரசக்கறையோடு திருப்பிக் கொடுத்ததை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன் என்று சொல். கறை முந்தானையில், சரிகைக்கு ஒட்டினாற்போல், உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது.

விஷயம் என்னவென்றால், வருகிற சனிக்கிழமை நம் மாதா கோயில் தேருக்கு நீ உன் டியூபாக் குழலைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நிற்கவேண்டாம். நாங்களே சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டோம். நாங்கள் என்று எழுதுவது மரியாதைக்கு. வாங்கியது நான்தான், உன் மாமா எனக்கு விட்டுப்போன பி.எஃப். பணத்தில். ஊரில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று, உனக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள், ஆனால் சொன்னவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்கள் என்பதால் நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

ஏன் வாங்கினாய் என்று நீ கேட்கமாட்டாய். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் உனக்கு மறதி என்கிற சௌகரியம் உண்டு, எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உன் மாமா சவரிமுத்து தகடு அமுக்கும் பிரஸ் ஷாப்பில் ஆயுசில் பாதியைக் கழித்து, காது இரண்டும் அடைத்துப்போய், பக்கத்தில் குக்கர் விசில் அடித்தால்கூடத் தெரியாமல் இருந்தவர். தேர் வரும்போது டிரம்பெட்டுக்காரர்கள் கழுத்து நரம்பு புடைக்க ஊதுவார்கள், இவர் பாட்டுக்குச் சட்டைப்பையில் மூக்குப்பொடி டப்பாவைத் துழாவிக்கொண்டு நிற்பார். கடைசி வரிசையில் நீ டியூபாவோடு வந்தால் மட்டும் ஓடிப்போய் அந்தப் பித்தளை வளையத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு கூடவே நடப்பார். "கேக்குது லூர்து! நெஞ்சுல கேக்குது!" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவார், காது கேட்காதவருக்குத் தன் சத்தம் தெரியாதே. உலகத்தில் அவருக்கு எட்டிய சங்கீதம் அது ஒன்றுதான். என் பேச்சு எட்டாமல் போனதற்கு அவர் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை என்பது வேறு விஷயம். அப்படிப்பட்ட மனுஷன் போன அன்று நீ பேண்டு செட்டை அனுப்பினாய். டிரம் வந்தது, டிரம்பெட் வந்தது, டியூபா வரவில்லை, நீயும் வரவில்லை. ஒரகடத்தில் ஏதோ கம்பெனியில் புது லைன் திறக்கிறார்கள், வெளிநாட்டுத் துரைமார் வருகிறார்கள், முன்பே வாக்குக் கொடுத்தாயிற்று என்று சொல்லியனுப்பினாய். துரைமாருக்குக் காது நன்றாகக் கேட்கும், அவர்களுக்கு டிரம்பெட் போதாதா? மண் தள்ளி முடித்தபிறகு கல்லறைத் தோட்டத்து கேட்டில் சிவப்புக் கோட்டும் தோளில் டியூபாவுமாக வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றாய். நான் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு உன்னைத் தாண்டி நடந்தேன். அதற்குப் பிறகு என் முகத்துக்கு அஞ்சி நம் கோயிலில் யாரும் உன்னைத் தேருக்குக் கூப்பிடவில்லை. கம்பெனி வேலைக்குப் போகும் எங்கள் கோயில் பையன்களின் பேண்டு செட்டு டியூபா இல்லாமலே வாசிக்கிறது, இடுப்பில்லாத ஆள் நடந்துபோவது போல் இருக்கிறது.

இந்த வருஷம் அன்பியக் கூட்டத்தில், அதாவது எங்கள் தெருக்காரர்கள் கூடிச் செபம் சொல்லிவிட்டுச் சுண்டல் சாப்பிடும் கூட்டத்தில், பாதர் என்னைப் பார்க்காமல் சுண்டலைப் பார்த்துக்கொண்டு, "பெரியநாயகத்தைக் கூப்ட்டா இன்னாம்மா?" என்றார். நான் எழுந்துவிட்டேன். உட்கார்ந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது, என் மூட்டுக்கு அன்றைக்கென்று வலி இல்லை. "எங்க வூட்டுக்காரர் பேர்ல நான் ஒண்ணு வாங்கித் தர்றேன், எவன் தயவும் வேணாம்" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டியபிறகு உட்கார முடியுமா?

வாங்குவதற்கு லிசாவையும் ஜாக்சனையும் கூட்டிக்கொண்டு பட்டணம் போனேன். லிசா கம்பெனியில் குவாலிட்டி பார்ப்பவள், எதை எடுத்தாலும் நகத்தால் சுரண்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவள். ஜாக்சன் எங்கள் பேண்டில் சின்ன டிரம் அடிப்பவன். டயர் கம்பெனியில் டயர் தூக்கித் தூக்கித் தோள் அகலமாக இருந்ததால் இவன்தான் டியூபாவுக்குச் சரி என்று நானே முடிவுசெய்தேன். ஊதுவதற்குத் தோள் வேண்டாம், மூச்சு வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னார்கள், நான் கேட்கவில்லை.

கடைக்கார பாய் நல்ல மனுஷர். முதலில் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிற ரகத்தைக் காட்டினார். அசல் உன்னுடையது மாதிரியே வளைந்து, வாய் முன்னால் பார்த்துக்கொண்டு, எதிரில் வருகிறவனை விழுங்கப்போவதுபோல் இருந்தது. உன்னுடையது மாதிரி இருந்த ஒரே காரணத்தால் எனக்கு அது வேண்டாம் என்று தோன்றிவிட்டது. இன்னொன்று வெள்ளை ஃபைபரில் இருந்தது, அதைப் பார்த்தால் கக்கூஸ் ஞாபகம் வந்தது. மூலையில் ஒன்று தனியாக, வாயைத் தரையில் கவிழ்த்து, குண்டாக, கல்யாண வீட்டு அண்டா மாதிரி மினுமினுவென்று நின்றது. "அத காட்டுங்க" என்றேன். "யம்மா, அது மேடையில சேர் போட்டுக் குந்திக்கினு வாசிக்கிறது. தேருக்கு நடக்கறவங்களுக்கு ஒத்து வராது" என்றார் பாய். "எங்காளுங்களுக்கு வரும்" என்றேன். லிசா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள், "ஆயா, அவரு தெரிஞ்சுதான சொல்றாரு?" என்று. விற்கிறவன் வேண்டாம் என்றால் அதுதான் நல்ல சரக்கு என்பது என் கணக்கு. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் நான் பாக்கம் சந்தையில் பால் வற்றிய மாட்டை வாங்கினேன், உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது, ஓட்டிக்கொண்டு வந்தவனே நீதான்.

பித்தளை சாமானை எப்படிப் பார்த்து வாங்கவேண்டும் என்று எனக்கு எவனும் சொல்லித்தர வேண்டாம். விரலை மடக்கித் தட்டினேன், கணீரென்றது. மோந்து பார்த்தேன். ஒட்டு வைத்த இடமெல்லாம் தடவினேன். பிறகு வாயை மேலே திருப்பச் சொல்லி, பாய் தாகத்துக்கு வைத்திருந்த தண்ணீர் கேனை வாங்கி உள்ளே ஊற்றினேன். கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "யம்மா! குடம் இல்லம்மா அது!" குடமோ குழலோ, பித்தளை பித்தளைதானே. பார்த்தால் அடிப்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. "ஓட்டைக் குழலை என் தலையில கட்டப் பாக்கிறியா பாய்?" என்று பிடித்துக்கொண்டேன். அவர் நிதானமாக வந்து ஒரு சின்னத் தாழ்ப்பாளை அமுக்கிக் காட்டி, "ஊதுறவங்க எச்சில் உள்ள சேரும்மா, அத எறக்கி விடறதுக்கு ஓட்டை. இதோட ரப்பர் கொஞ்சம் நவுந்து கீது, அவ்ளோதான். எல்லாத்துலயும் ஓட்டை உண்டு" என்றார். எச்சிலுக்கென்று வாசல் வைத்து விற்கிற சாமானை நான் பார்த்ததில்லை. ஆனாலும் விடாமல், ஓட்டை ஓட்டைதான் என்று சாதித்து விலையைக் குறைத்தேன். அவர் குறைத்தது ஓட்டைக்காக அல்ல, நான் கடையை விட்டுப் போகவேண்டும் என்பதற்காக என்று லிசா சொல்கிறாள். இதற்குள் ஜாக்சன், தண்ணீர் உள்ளே இருப்பது தெரிந்தும், ஆசை தாங்காமல் வாயை வைத்து ஒரு ஊது ஊதினான். அடைத்த சாக்கடையைக் குத்திவிட்டாற்போல் ஒரு சத்தம், வரிசையாக வைத்திருந்த ஆர்மோனியப் பெட்டிகள்மேல் ஞானஸ்நானம். பாய் அவரே டியூபாவைத் தூக்கிக்கொண்டு வந்து பஸ் ஸ்டாண்டு ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

பஸ்ஸில் கண்டக்டர் அதற்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார். "குந்தினாதான டிக்கெட்டு, அது நிக்குது பாரு" என்றேன். "ஆயா, அது நிக்கிற எடத்துல நாலு பேர் நிப்பான்" என்றார். கடைசியில் டிக்கெட் எடுத்தேன், எடுத்தபிறகு நிற்கவைப்பானேன் என்று ஜன்னலோரம் உட்காரவைத்தேன், நாங்கள் மூன்று பேரும் ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் நின்றுகொண்டு வந்தோம்.

இனிமேல் எழுதப்போவதைத்தான் ஊரில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கோயிலுக்கு ஒரு மெழுகுவர்த்தித் தண்டு கொடுத்தால்கூடப் பேர் வெட்டாமல் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் உண்டா? பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே கடைத்தெருவில் தோத்தாத்ரி பாத்திரக்கடைக்கு எடுத்துப்போனேன். உன் மாமா பேர் வெட்டிய சொம்பு, தட்டு எல்லாம் அந்தக் கடையில் வெட்டியதுதான். பேர் வெட்டுகிற யதிராஜ் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச்சுற்றி வந்தான். "இன்னாம்மா இது, சீர் சாமானா? வாய் மேலயா கீழயா?" என்றான். கடையில் கவிழ்த்து நிற்கவைத்திருந்ததை நான் கண்ணால் பார்த்தவள். "அண்டாவ எப்படிக் கவுத்து வெப்ப? அப்பிடி வெச்சு, பளிச்சினு கண்ணுல படற மாதிரி வெட்டு" என்றேன். "ஊதும்போது எப்பிடிப் புடிப்பாங்கோ?" என்றான் பாவம். "நீ பேர் வெட்டறவனா, பேண்டு வாத்தியாரா?" என்று அதட்டினேன். கிர்ர்ரென்று ஒரு மணிநேரம் வெட்டினான். பென்னலூர் சவரிமுத்து நினைவாக மனைவி லூர்தம்மாள் உபயம். சுற்றிலும் திராட்சைக்கொடி வேறு, அது நான் கேட்காமலே அவன் சந்தோஷத்துக்குப் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வைத்துப் பாதர் அதை மந்திரித்து ஆசீர்வதித்தார். நாற்காலி போட்டு ஜாக்சனை உட்காரவைத்து, அவன் மடியில் டியூபாவைத் தூக்கி நிமிர்த்தினார்கள். நிமிர்த்தியதும் ஊர் முழுக்கத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தது. எனக்கு முதலில் புரியவில்லை, பயபக்தி என்று நினைத்தேன். பக்கத்துவீட்டு உலகம்மாள் நம் கோயிலைச் சேர்ந்தவள் இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவள், அவள்தான் வாயைத் திறந்தாள். "இன்னா லூர்து, உங்க வூட்டுக்காரர தலகீழா தொங்க வுட்டுக்கீற?" நிமிர்ந்து ஊதும்போது பேர் கவிழ்கிறது, கவிழ்த்து வைத்தால் பேர் நிமிர்கிறது. திராட்சைகூட மேல்நோக்கிக் காய்த்திருந்தது. நானும் தலையைச் சாய்த்துப் பார்த்தேன், கழுத்து பிடித்துக்கொண்டது, இன்றுவரை எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். ஜாக்சன் வாசித்தால் இதெல்லாம் மறந்துபோகும் என்று "ஊதுடா!" என்றேன். ஊதினான். தண்ணி லாரி ரிவர்ஸ் எடுப்பதுபோல் ஒன்று வந்தது, அப்புறம் ஒன்றும் வரவில்லை, அப்புறம் அவனுக்கே மயக்கம் வந்தது. பாதர் நல்லவர், மந்திரித்த தண்ணீரையே அவன் முகத்தில் தெளித்தார்.

கடைக்கார பாய்க்கு லிசா போன் போட்டாள், மாற்றிக் கொடுப்பாரா என்று. "பேர் வெட்டிட்டீங்களேம்மா, இனிமே அது உங்க வூட்டுச் சொம்பு" என்றார். சரி, எங்கள் வீட்டுச் சொம்பை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று முடிவுசெய்தோம். உட்கார்ந்துதானே ஊதவேண்டும்? லிசா தன் கம்பெனியில் கழித்துப்போட்ட தள்ளுவண்டி ஒன்றைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிவந்தாள், லைனில் உதிரி சாமான் தள்ளிக்கொண்டு போவார்களே, அது. அதன்மேல் பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டி, நாற்காலியில் ஜாக்சனைக் கட்டி, ஜாக்சனோடு டியூபாவைக் கட்டி, நேற்றுச் சாயங்காலம் அன்பியத்துப் பெண்கள் தள்ள, ஒத்திகை பார்த்தோம். வண்டிக்கு ஒரு சக்கரம் மட்டும் இடதுபக்கம் இழுக்கும் என்பதால்தான் கம்பெனியில் கழித்திருக்கிறார்கள். அது லிசாவுக்குத் தெரியும், குவாலிட்டிக்காரி, என் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயந்திருக்கிறாள். மாதா கோயில் வலதுபக்கம் இருக்க, வண்டி இடதுபக்கம் திரும்பி, இறக்கத்தில் வேகம் பிடித்து, நேரே கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்துக்குள் போய்விட்டது. ஜாக்சன் பயத்தில் ஊதிக்கொண்டே போனான், அன்றைக்கு அவன் ஊதியதில் அதுதான் நல்ல ஊது. செகண்ட் ஷிப்ட் பையன்கள் விலகி வழிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். ஒருவன் என்னிடம் வந்து, "பாட்டி, யாரு செத்தது?" என்று கேட்டான். "மூணு வருஷம் ஆவுதுப்பா" என்றேன்.

ஆக, எல்லா ஏற்பாடும் முடிந்தது. சக்கரத்தில் ஒரு பக்கம் செங்கல் கட்டினால் நேராகப் போகும் என்று சொல்கிறார்கள். ஜாக்சன் தினமும் பழகுகிறான். சனிக்கிழமை தேருக்கு எங்கள் டியூபா, எங்கள் ஆள், எங்கள் வண்டி. உன் தயவு எங்களுக்கு வேண்டாம் என்பதை இதனால் தெரிவித்துக்கொள்கிறேன். நீ வந்து கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்ப்பதை நான் தடுக்க முடியாது, ரோடு கவர்ன்மெண்டு ரோடு. ஆனால் என் கண்ணில் படாத இடமாகப் பார்த்து நில்.

மாதா உன்னையும் உன் பிள்ளைகளையும் நோய்நொடி இல்லாமல் காப்பாளாக. ஜெபமணியை முழங்காலுக்கு நொச்சி இலை போட்டு வெந்நீர் ஊற்றிக்கொள்ளச் சொல். இத்துடன் எழுத்தை நிறுத்திக்கொள்ளும்,

உன் அக்கா,
லூர்தம்மாள்

பின்குறிப்பு: எழுத்து ஆடுகிறது என்றால் இதை நான் ஓடுகிற குட்டியானை லோடு வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து எழுதுவதால்தான், ஒரகடம் ரோடு உனக்குத் தெரியாததா. ஜாக்சனுக்கு ஊத வராது. அவனே இன்று காலையில் அழுதுகொண்டு வந்து சொல்லிவிட்டான், சனிக்கிழமை கம்பெனியில் ஓவர்டைம் வேறு போட்டுவிட்டார்களாம், அது உண்மையோ அவன் கேட்டு வாங்கிக்கொண்டதோ தெரியாது. நேற்று அவன் ஊதும்போது நான் பித்தளைமேல் கையை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை, வண்டிச் சக்கரம் அதிர்வதுதான் வந்தது. உன் மாமாவுக்கு வந்தது என்ன என்று நான் ஒருதரமும் கைவைத்துப் பார்த்ததில்லை, அப்போதெல்லாம் நடுரோட்டில் கத்துகிறாரே என்று வெட்கப்பட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு அது என்னவென்று தெரியவேண்டும் பெரியநாயகம். உனக்கு ஊதத் தெரியும்.

டியூபா வண்டிக்குப் பின்னால் போர்வை சுற்றிக் கிடக்கிறது. இந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுக்கிற டிரைவரை வாசலோடு அனுப்பிவிடாதே, அவர் காலையிலிருந்து சாப்பிடவில்லை. வண்டி இப்போது உன் வீட்டு கேட்டுக்கு எதிரில், வேப்பமரத்தடியில் நிற்கிறது. நான் உள்ளேதான் இருக்கிறேன். நீயாக வந்து "இறங்குக்கா" என்று சொன்னால் இறங்குவேன், ஜெபமணியை அனுப்பினால் இறங்கமாட்டேன். நிழல் நகர்ந்து வெயில் என் பக்கம் வந்துவிட்டது. இதுவரைக்கும் படித்துக்கொண்டு என்னடா செய்கிறாய், வா.